மேடனில் பிலிட்ஸ் வந்தால்: நிரை பிரித்துக் கொடுங்கள்

சுங்கை சிப்புட்டில் காற்பந்து என்றால் காலால் உதைப்பதுதான். இந்தப் பதிவு அந்த ஆட்டத்தைப் பற்றியது இல்லை. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையால் வீசும் அமெரிக்க ஆட்டம், அதுவும் மேடன் வீடியோ கேம். புதிதாகக் கையில் எடுக்கும் தம்பிகள் எல்லாரும் விழுவது ஒரே குழியில்தான்: பந்து கைக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள், அதை வீச வேண்டிய குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பான். “லைன்மேன் எல்லாம் தூங்குறானுங்க அண்ணே!” என்பார்கள். யாரும் தூங்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்று நாம் சொல்லாமல் பந்தை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

கணக்கு சின்னது. முன்வரிசையில், அதாவது லைனில், நமக்கு 5 பேர்: நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். எதிரணி வழக்கமாக 4 பேரைப் பாய விடும். 5 பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால் அது பிலிட்ஸ். லைனுக்குப் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கையும் தடுக்க நிறுத்தினால் நம் கையில் 6 பேர். பெரும்பாலான பிலிட்ஸுக்கு இதுவே போதும். பயத்தில் லைன் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டையும் நிறுத்தி 7 பேரைக் காவலுக்கு வைத்தால், ஓடிப் பந்து பிடிக்க (ரிசீவர்) 3 பேர்தான் மிச்சம். எதிரணி 4 பேரை மட்டும் அனுப்பிவிட்டால் அந்த 3 பேரை 7 பேர் சுற்றி நிற்பார்கள். வீச இடமே இருக்காது.

இப்போது ஸ்லைடு, அதாவது லைனை மொத்தமாக ஒரு பக்கம் நகர்த்துவது. பால்மரத் தோட்டத்தில் நிரை பிரித்துக் கொடுத்தால், அந்த நிரையில் நிற்கும் மரம் எல்லாம் அவரவர் பொறுப்பு. பக்கத்து நிரையை எட்டிப் பார்க்கும் வேலை இல்லை. ஸ்லைடும் அப்படித்தான். பந்தை எடுக்கும் முன், பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் எல்1 அழுத்தி, இடது ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால், 5 பேரும் தங்களுக்கு இடப்புறம் இருக்கும் இடைவெளியைப் பிடிப்பார்கள். அந்த இடைவெளியில் வருவது எதிரணியின் நடுவரிசை லைன்பேக்கரா, பின்வரிசை சேஃப்டியா என்ற கேள்வியே இல்லை. ஆனால் எல்லாரும் ஒரு நிரை இடப்பக்கம் நகர்ந்ததால், வலது டேக்கிளுக்கு வெளியே ஒரு நிரைக்கு ஆள் இல்லாமல் போகும். ரன்னிங் பேக் போக வேண்டியது அங்கேதான். முக்கோணத்தை அழுத்தி, அவனுக்குரிய பட்டனைத் தொட்டு, பிறகு ஆர்1 என்றால் வலப்பக்கம் தடுப்பான். எல்1 என்றால் இடப்பக்கம். பதிப்புக்குப் பதிப்பு பட்டன் கொஞ்சம் மாறும், கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தப்பு, லைனையும் ரன்னிங் பேக்கையும் ஒரே பக்கம் அனுப்புவது. இடப்பக்கம் கூட்டம் தெரிகிறதே என்று இருவரையும் அங்கே தள்ளுவார்கள். வலது ஓரத்து ஆள் யார் கையும் படாமல் நேராக வந்து முதுகில் ஏறுவான்.

எந்தப் பக்கம் தள்ளுவது? சென்டர் மேல் ஒரு கோடு போட்டதாக நினைத்து, இருபுறமும் பாய்வதற்குத் தயாராக நிற்பவர்களை எண்ணுங்கள். அதிகம் இருக்கும் பக்கம் லைன், மற்ற பக்கம் ரன்னிங் பேக். இருபுறமும் சமம் என்றால், எதிரணியின் முரட்டு ஆள் நிற்கும் பக்கம் லைன் போகட்டும். பாஸ் பிளாக் (தடுக்கும் திறன்) மதிப்பெண் குறைந்த ரன்னிங் பேக்கை அவன்மேல் விட்டால் வாழை மரம் மாதிரி சாய்வான். (இந்த ஆட்டத்தின் பெரிய இறுதியாட்டமான சூப்பர் பௌல் மலேசியாவில் நமக்குத் திங்கள் காலை 7:30 மணிக்கு. விழித்திருந்தால் கவனியுங்கள்: குவார்ட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை விரலால் காட்டிக் கத்துவான். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தன் ஆட்களுக்குச் சொல்கிறான்.)

சென்டரின் இரு தோள்களுக்கும் எதிரே இரண்டு லைன்பேக்கர்கள் வந்து ஒட்டி நின்றால் கதை வேறு. அதே மெனுவில் உள்ள பிஞ்ச் அதற்குத்தான். கார்ட்கள் உள்பக்கம் நெருங்குவார்கள். ஆனால் கெட்டிக்கார எதிராளி அந்த இருவரையும் சும்மா காட்டிவிட்டு, பந்து எடுத்ததும் பின்னால் இழுத்து, ஓரத்திலிருந்து ஆளை அனுப்புவான். இரண்டு தடவை அப்படி ஏமாற்றினால் மூன்றாம் தடவை பிஞ்ச் வேண்டாம்.

ஏழாவது ஆள் வந்தால்? அவனைத் தடுக்க ஆள் கிடையாது, பந்துதான் பதில். உள்பக்க ரிசீவருக்கு எதிரே அவனைக் காக்க நின்ற எதிரணியின் கார்னர் லைனை நோக்கி நகர்ந்தால், அந்த ரிசீவரை ஸ்லாண்ட் (உள்பக்கம் சாய்வாக) ஓட வைத்து, கார்னர் விட்டுவந்த இடத்தில் வீசுங்கள். மைதானம் முழுக்கக் கண்ணை ஓட்ட நேரம் இருக்காது.

கால் பழக்கமும் முக்கியம். ஷாட்கன் என்ற அமைப்பில் குவார்ட்டர்பேக் ஏற்கெனவே 5 யார்டு பின்னால்தான் நிற்கிறான். பயந்து இன்னும் 5, 6 யார்டு பின்னால் ஓடினால், டேக்கிள் ஒழுங்காகப் பிடித்திருந்தாலும் ஓரத்து ஆள் டேக்கிளைச் சுற்றி வந்துவிடுவான். ஓரத்திலிருந்து நெருக்கினால் ஒரு எட்டு முன்னால் வையுங்கள்.

மணிக்கணக்குக்குக் காசு கட்டி விளையாடுகிறவர்கள் நேராக மேட்சுக்குள் போகாமல் பிராக்டிஸ் மோடில் முதல் 10 நிமிடம் கழிக்கலாம். எதிரணிக்கும் நீங்களே ஒரு பிலிட்ஸைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸைத் திரும்பத் திரும்ப ஆடுங்கள். ஒருமுறை ஸ்லைடு மட்டும், அடுத்து ரன்னிங் பேக்கோடு. எவன் தப்பி வருகிறான் என்று ரீப்ளேயில் பாருங்கள். ரன்னிங் பேக்கே பின்னால் நிற்காத எம்ப்டி ஃபார்மேஷனைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதில் காவலுக்கு 5 பேர்தான். ஆறாவது ஆள் கிளம்பினால் பந்து அதற்குள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.