2.6 மில்லிமீட்டர் உயர்ந்துபோன படிக்கட்டு

மாதிரி உருவாக்கப் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு மாடி வீட்டின் மூலை. அதை 1:35 விகிதத்தில் டயோராமாவாக, அதாவது ஒரு காட்சியை அப்படியே சிறிதாக்கிக் காட்டும் மாதிரியாகச் செய்ய வேண்டும். நிஜ அளவை மில்லிமீட்டராக்கி 35ஆல் வகுத்தேன். 2100 மி.மீ. கதவு 60 ஆனது. 1750 மி.மீ. உயர மனிதர் 50 ஆனார். முழு எண்களாக வந்ததில் தைரியம் கூடிவிட்டது.

படிக்கட்டில்தான் சறுக்கினேன். ஒரு படியின் உயரம் 170 மி.மீ.; வகுத்தால் 4.857. வெட்ட வசதியாக 5 என்று வைத்து 18 படிகளையும் வெட்டினேன். ஒட்டிப் பார்த்தால் கடைசிப் படி மாடித் தளத்துக்கு மேலே நிற்கிறது. 18 படிகளின் நிஜ உயரம் 3060, மாதிரியில் 87.4, நான் கட்டியதோ 90. ஒரு படியில் கண்ணுக்குத் தெரியாத 0.14 மி.மீ., பதினெட்டு முறை சேர்ந்து 2.6 ஆகியிருந்தது. நிஜ வீட்டில் அது 9 செ.மீ., அரைப் படிக்கும் மேல்! பிரித்து மறுபடி ஒட்டுவதற்குள் தேர்வு நேரத்தில் பாதி போய்விட்டது.

அன்றிலிருந்து திரும்பத் திரும்ப வரும் எதையும், படியோ செங்கல் வரிசையோ வேலிக் கம்பமோ, மொத்த நீளத்தை முதலில் மாற்றிவிட்டுத்தான் பங்கிடுகிறேன். 87.4ஐ 18 ஆகப் பிரிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். அட்டையில் 87.4 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் போடுங்கள். அளவுகோலின் 0 ஒரு கோட்டிலும் 90 மறு கோட்டிலும் படும்படி சாய்த்து வைத்து, 5 மி.மீ.க்கு ஒரு புள்ளி குத்துங்கள். அந்தப் புள்ளிகள் வழியே முதல் கோடுகளுக்கு இணையாகக் கோடிழுத்தால் பதினெட்டும் சமமாக விழும். பயிற்சியில் நான் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வரைபடம் அடி, அங்குலத்தில் இருந்தால் ஒரு அடிக்கு 304.8 மி.மீ. என்று வைத்து, உங்கள் விகிதத்தில் ஒரு அடி எத்தனை மி.மீ. ஆகும் என்பதைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 1:35க்கு 8.71, 1:48க்கு 6.35, 1:72க்கு 4.23, 1:87க்கு 3.5. ரயில் மாதிரி செய்பவர்களுக்குச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. தண்டவாளங்களுக்கு இடையே 1435 மி.மீ. அகலம் கொண்ட ஸ்டாண்டர்டு கேஜ் பாதையை 87ஆல் வகுத்தால் 16.5 வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் எங்கோ பிசகு.

1:72 வரைபடத்தை 1:35க்குப் பெரிதாக்க 72ஐ 35ஆல் வகுங்கள். ஏறக்குறைய 206 சதவீதம் என்று ஜெராக்ஸ் எடுக்கலாம். பதற்றத்தில் தலைகீழாக வகுப்பவர்கள் நிறையப் பேர். 1:35 பெரிய மாதிரி, ஆகவே விடை நூறைத் தாண்டியே ஆக வேண்டும்.

கொள்ளளவுக்கு வகு எண்ணே வேறு: 35 × 35 × 35, அதாவது 42,875. ஆயிரம் லிட்டர் தொட்டியின் 1:35 மாதிரியை நிரப்ப ஏறக்குறைய 23 மி.லி. ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிசின்) போதும். இதை மறந்து 35ஆல் மட்டும் வகுத்தால் 28 லிட்டருக்கு மேல் வந்து நிற்கும்.

புகைப்படத்திலிருந்து அளவெடுப்பதாக இருந்தால், உயரம் தெரிந்த கதவு அதே சுவரில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஆளை வைத்துப் பின்னால் இருக்கும் சுவரை அளந்தால் சுவர் குட்டையாகத்தான் வரும்.

தரைக்குத் தூவும் மணலையும் கணக்கில் சேருங்கள். 1 மி.மீ. மணி 1:35இல் 35 மி.மீ. கூழாங்கல், 1:87இல் கைப்பிடிக் கல். மண் சாலை என்று நினைத்துத் தூவியது ஜல்லி கொட்டியதுபோல் தெரியும். மிக நுண்ணிய சல்லடையில் சலித்து, ஒரு மனித உருவத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பசையைத் திறங்கள்.