ஈசிஜியில் ஒன்றுமில்லை

மட்டக்களப்பில் இருதயக் கிளினிக் தாதியாக நான் காணும் நெஞ்சுநோ பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுடையது. சீனி, பிரஷர், சிகரெட். படுவான்கரையிலிருந்து வந்த பொடியனுக்கோ இருபது வயதுதான். வெளியே எங்கோ வாய்வு என்று குளிசை கொடுத்திருந்தார்கள். வீட்டில் உள்ளியும் இஞ்சியும். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றுமில்லை.

ஆனால் நெல்மூட்டை தூக்கினால் நோகுது, பந்து விளையாடினால் நோகுது, இருந்தால் விட்டுவிடுது என்றான். ஒருமுறை மைதானத்தில் மயங்கியும் விழுந்திருக்கிறான். வாய்வு இப்படி ஆள் ஓடும் நேரம் பார்த்து வராது. டொக்டரும் அதையேதான் பிடித்துக்கொண்டார். இருதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவில் சந்தேகம் வந்தது, சீ.ரி. ஸ்கானில் தெளிவானது. இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இடது முடியுரு நாடி, இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடியின் வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையால் போகிறது. வலது நாடி இப்படி இடம் மாறுவதுதான் கூடுதல். இடது மாறுவது அரிது, ஆபத்து அதிகம். இவனுடைய நாடி தொடக்கத்தில் கொஞ்சத் தூரம் பெருநாடியின் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அது புறப்படும் வாயும் வட்டமாக இல்லை, கீறல்போல் ஒடுங்கியது. ஓடும்போது அந்தத் துண்டு நசிந்தால் இருதயத் தசைக்கு இரத்தம் போதாது. விளையாடும்போதே விழுந்து இறந்துபோகும் இளையவர்கள் சிலருக்கு இதுதான் காரணம்.

"மிஸ், இவன் வயித்துல இருக்கக்குள்ள நான் என்னத்தையும் பிழையாத் திண்டுட்டனா?" என்று தாய் அழுதா. இல்லையம்மா, முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இருதயம் உருவாகிவிடும், நீங்கள் செய்த பிழை எதுவுமில்லை என்று பல தடவை சொன்னேன். நம்பினாவோ தெரியாது. தகப்பனுக்கு வேறு கேள்வி: "ஸ்டென்ட் வச்சா முடியாதா?" எங்கள் ஊரில் இருதயம் என்றாலே, அடைபட்ட நாடியை விரித்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்தான். இங்கே கொழுப்பு அடைப்பில்லை, நாடி போகும் வழிதான் பிழை. வேறொரு நாடியை ஒட்டி மாற்றுவழி போடும் பைபாஸும் சரிவராது, சும்மா இருக்கும்போது சொந்த நாடியிலேயே இரத்தம் நன்றாக ஓடுவதால், ஒட்டிய நாடி நாளடைவில் மூடிக்கொள்ளக்கூடும்.

கொழும்புக்கு அனுப்பினோம். சத்திரசிகிச்சையைவிட, சிங்களம் தெரியாமல் வார்டில் என்ன செய்வது என்பதே அவர்களுக்குப் பெரிய பயம். அது நியாயமான பயம்தான். இருதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் இரத்தத்தை ஓடவிட்டு, பெருநாடியைத் திறந்து, சுவருக்குள் கிடந்த நாடியின் மேல்மூடியை உள்ளிருந்து வெட்டித் திறந்துவிட்டார்கள். ஒடுங்கிய வாய் அகலமாகிவிட்டது.

நெஞ்செலும்பு பொருந்தும்வரை மூட்டை தூக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாதங்கள் கழித்து எக்சசைஸ் ஈசிஜியும் நன்றாக வந்தது. டொக்டர் பந்துக்கும் அனுமதி கொடுத்தார். தாய் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.