ரெகுலேட்டர் பார்ப்பது தையல் நீளத்தை மட்டும்தான்

வீட்டுத் தையல் மெஷினில் குயில்ட் (மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) போட்டுப் பழகியவர்கள், நீண்ட சட்டத்தில் ஓடும் பெரிய குயில்ட் மெஷினான லாங்ஆர்முக்கு மாறும்போது கை முதலில் தடுமாறும். அங்கே மெஷின் நின்ற இடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். இங்கே துணி ரோலர்களில் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கிறது. மெஷின் தலைதான் வண்டிமேல் உட்கார்ந்து ரெயிலில் ஓடுகிறது. இதுவரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தை நகர்த்தி எழுதினீர்கள், இனி பேனாவையே நகர்த்தலாம். பேனா கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

ஸ்டிட்ச் ரெகுலேட்டருக்கு ஒரே ஒரு வேலை: நீங்கள் எந்த வேகத்தில் தள்ளினாலும் தையல் நீளத்தை ஒரே அளவில் வைப்பது. ரெயிலோடு உரசி ஓடி நகர்வை அளக்கும் உணரிகளான இரண்டு என்கோடர்களில் ஒன்று இடம்-வலம் நகர்வை எண்ணும், இன்னொன்று முன்-பின் நகர்வை. நீங்கள் வேகமாகத் தள்ளினால் ஊசி வேகமாகக் குத்தும், மெதுவாகத் தள்ளினால் மெதுவாக. இன்ச்சுக்கு 10 தையல் என்று வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 2.5 மி.மீ. வளைவு கோணலாகப் போனால் அது திருத்தாது. நூலின் இழுவிசையை, அதாவது டென்ஷனைத் தொடாது. மோட்டரின் உச்ச வேகத்தை நீங்கள் தாண்டினால் பின்னாலேயே ஓடியும் வராது.

அந்தக் கடைசி விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,800 தையல் போடும் மெஷின், இன்ச்சுக்கு 10 தையல்: நிமிடத்துக்கு 180 இன்ச், அதாவது நொடிக்கு 3 இன்ச். அதுதான் உங்கள் எல்லை. 12 தையலுக்கு மாற்றினால் எல்லை நொடிக்கு 2.5 இன்ச்சாக இறங்கும். தையலைச் சிறிதாக்கியவுடன் "மெஷின் திணறுகிறது" என்று தோன்றுவது இதனால்தான். பல மெஷின்கள் எல்லையைத் தொட்டதும் பீப் அடிக்கும். அதை அலட்சியம் செய்தால் நீண்ட வளைவின் நடுவில் மட்டும் தையல்கள் நீளமாகக் கிடக்கும்.

தையல் ஒழுங்கில்லை என்றவுடன் பழி ரெகுலேட்டர்மேல் விழுகிறது. பல நேரம் குற்றவாளி, ரோலரையும் ரெயிலையும் தாங்கும் ஃபிரேம்தான். முதலில் மட்டம் பாருங்கள். தலையை ரெயிலின் நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள்; தானாக ஒரு பக்கம் உருண்டால் அந்தப் பக்கக் கால் தாழ்ந்திருக்கிறது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இரண்டையும் சரிசெய்ய வேண்டும். மட்டம் தப்பிய ஃபிரேமில் வட்டம் போட்டால் முட்டைதான் வரும், கை எவ்வளவு பழகினாலும். அடுத்து ரெயிலையும் சக்கரங்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ரெயிலில் ஒட்டிய ஒரு நூல் துண்டு போதும், ஒவ்வொரு வரிசையிலும் அதே இடத்தில் கோடு துள்ளும்.

துணி ஏற்றும்போது செய்யும் பெரிய தவறு, முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டுவது. அடியில் கைவிட்டு ஒரு விரலை மேலே தள்ளினால், மேலிருந்து அந்த விரல் நுனியை மற்றக் கையால் பிடிக்க முடிய வேண்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால், ஊசி துணிக்குள் இருக்கும்போதே தலை நகர்கிறதல்லவா, ஊசி வளைந்து, கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கைத் தவறவிடும். தையல் விட்டுப்போகும், நூல் அறும். அடித்துணியும் நடுப்பஞ்சும் மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். பக்கவாட்டுக் கிளிப் மாட்டவும் டென்ஷன் சோதிக்கவும் அந்த ஓரம்தான் உதவும். தைத்த பகுதியைச் சுருட்டச் சுருட்ட ரோலர் பருக்கும். துணி ஊசித்தட்டில் அழுந்தாமலும் வெகு உயரத்தில் தொங்காமலும், தட்டுக்கு மேல் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு ரோலரை அவ்வப்போது உயர்த்துங்கள். ஊசியோடு சேர்ந்து துள்ளும் ஹாப்பிங் ஃபுட் கீழே வரும்போது பஞ்சை லேசாகத் தொட்டால் போதும். மிக உயரத்தில் நின்றால் துணி ஊசியோடு மேலெழும், தாழ்ந்தால் தலையை இழுத்துப் பிடிக்கும்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 40 எண் பாலியெஸ்டர் நூலுக்கு 16/100, அதாவது லாங்ஆர்ம் ஊசிகளின் எம்ஆர் அளவில் 3.5. தையல்கள் குவிந்த தடித்த இடங்களுக்கும் பருத்த நூலுக்கும் 18/110, எம்ஆர் 4.0. தண்டு முழுதும் மேலே ஏறி முட்ட வேண்டும், பின்பக்கப் பள்ளம் ஹூக்கைப் பார்க்க வேண்டும். கண் நேராக இருக்கிறதா என்று தெரியாவிட்டால், அதில் ஒரு குண்டூசியைக் கோத்துப் பாருங்கள்; குண்டூசி உங்களை நோக்கி நேராக நிற்க வேண்டும்.

டென்ஷனை, அடிநூல் சுற்றிய பாபினில் தொடங்குங்கள், மேலிருந்து அல்ல. பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மேலே இழுங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையைவிட்டுக் கிளம்பக் கூடாது. பாபின் நூலின் இழுவையை அளக்கும் டோவா கேஜ் இருந்தால், எம் எனும் பெரிய அளவுப் பாபினுக்கு 180 முதல் 220 வரை நல்ல தொடக்கம். கேஸின் திருகை ஒரு தடவைக்குக் கடிகார முள் 5 நிமிடம் நகரும் அளவுக்கு மேல் திருப்பாதீர்கள். பிறகுதான் மேல் டென்ஷன். துணியின் அடியில் மேல்நூல் சுருள் சுருளாகத் தெரிந்தால் மேலே தளர்வு. மேற்பரப்பில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேலே இறுக்கம். நேர்கோட்டில் எல்லாம் சரியாக இருந்து வளைவில் மட்டும் கண்ணிமை மயிர்போல் நூல்கள் ஒருபக்கமாக இழுபட்டால், அங்கே வேகம் கூடியிருக்கிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்த பிறகு டென்ஷனைத் தொடுங்கள். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் ஹூக்கைச் சுற்றியுள்ள பஞ்சுத்தூசியைத் துலக்கி, தயாரிப்பாளர் சொன்னபடி ஒரு சொட்டு எண்ணெய்.

இவ்வளவும் ஆன பிறகு ரெகுலேட்டரைச் சோதிக்கலாம். பழைய துணி ஏற்றி, இன்ச்சுக்கு 10 தையல் வைத்து மூன்று கோடுகள் தையுங்கள்: இடம்-வலம், முன்-பின், 45 பாகை சாய்வு. ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்து ஒரு இன்ச்சுக்குள் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் சுகம். இடம்-வலம் மட்டும் தையல் தாறுமாறாக நீண்டு முன்-பின் சரியாக இருந்தால், இடம்-வலம் எண்ணும் என்கோடர் ரெயிலைத் தொடவில்லை, அல்லது அதன் கேபிள் கழன்றிருக்கிறது. அப்போது சாய்வுக் கோடு ஏமாற்றும். நகர்வில் ஒரு பாதிதான் மெஷினுக்குத் தெரியும் என்பதால் தையல் சுமார் 1.4 மடங்கு நீளும். 10 இருக்க வேண்டிய இடத்தில் 7. கண்ணுக்குப் பெரிதாக உறுத்தாது. அதனால்தான் சாய்வுக் கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ரெகுலேட்டர் முறைகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பெயர் வைக்கிறார்கள், ஆனால் அடிப்படையில் இரண்டு. ஒன்றில் நீங்கள் நின்றால் ஊசியும் நிற்கும். கூர்முனைகள், ஸ்கேல் ஓரத்தை ஒட்டித் தைப்பது, இணைப்புத் தையலின் பள்ளத்தில் தைப்பது ஆகியவற்றுக்கு இது. இன்னொன்றில் நீங்கள் நின்றாலும் ஊசி மெதுவாகக் குத்திக்கொண்டே இருக்கும். இறகு, சுருள், நிறுத்தாமல் ஓடும் வளைவுகள் இதில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் முனையில் யோசித்துக்கொண்டு நின்றால் அங்கே நூல் மேடு கட்டும். முதல் சில நாட்களுக்கு முதல் முறையே போதும்.

தொடங்கும் இடத்தில் ஊசியை ஒரு முறை கீழே இறக்கி மேலே ஏற்றி, மேல்நூலை இழுத்தால் பாபின் நூல் வளையமாக வெளியே வரும். இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்று நாலு நுண்தையல் போட்டுப் பிறகு கிளம்புங்கள். நின்ற நிலையிலிருந்து வெடுக்கென்று தள்ளினால் மோட்டர் எட்டிப் பிடிப்பதற்குள் முதல் தையல் நீண்டுவிடும்.

கைப்பிடியை இறுகப் பற்றாதீர்கள். நடுக்கம் முழுவதும் கோட்டில் இறங்கும். முழங்கை உடலோடு ஒட்டி இருக்கட்டும், தோளும் இடுப்பும் நகரட்டும். பழகுவதற்குச் சுருள் எழுத்துகள் தொடர்ச்சியாக உள்ள சொற்கள் நல்லது; கையை எடுக்காமல் தொடர்ந்து எழுதிப் பாருங்கள்.

ஸ்கேல் வைத்துத் தைக்க வீட்டு மெஷினுக்கான மெல்லியதை எடுக்க வேண்டாம், அது ஹாப்பிங் ஃபுட்டின் அடியில் நுழைந்து ஊசி அதன்மேல் குத்தும். கால் இன்ச் தடிமன் உள்ளது வேண்டும், கீழே ஸ்கேலைத் தாங்க ஊசித்தட்டைச் சுற்றி மாட்டும் தாங்குபலகையும் வேண்டும். ஃபுட்டின் வெளிவிட்டம் அரை இன்ச் என்றால், ஊசி ஸ்கேலின் ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளித்தான் விழும். அந்தக் கால் இன்ச்சை விட்டே ஸ்கேலை வையுங்கள்.