பிரெஞ்சு குழப்பும், கிரியோல் கைகொடுக்கும்: எஸ்.சி. பரீட்சை மாணவர்களுக்குப் பாஸ்ட் கன்டினியூவஸ்

மொரிஷியஸில் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. பாஸ்ட் கன்டினியூவஸ் என்ற இறந்தகாலத் தொடர்வினை அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் வீட்டுமொழி மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோல்தான். அதில் 'மோ பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ தி பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'தி' காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, 'பே' செயலை நடந்துகொண்டிருக்க வைக்கிறது. ஆங்கிலத்தின் 'ஐ வாஸ் ஈட்டிங்' இதே அமைப்புத்தான்: 'தி' செய்யும் வேலையை 'வாஸ்' செய்கிறது, 'பே' செய்யும் வேலையை வினையின் கடைசியில் ஒட்டும் 'இங்' செய்கிறது.

நான் எஸ்.சி. எழுதிய காலத்தில் மாலை லெசோனில் (தனிப்பயிற்சி வகுப்பில்) இதைச் சூத்திரமாகத்தான் கொடுத்தார்கள். எழுவாய், வாஸ் அல்லது வேர், வினை, இங். சூத்திரம் சரி. ஆனால் எப்போது பயன்படுத்துவது என்று கேட்டால், 'நீண்ட நேரம் நடந்த செயலுக்கு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இன்றும் பல வகுப்புகளில் இதுவே நடக்கிறது. எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் விதி வேறு இல்லை. ஒரு பாட்டி கூர்பிப்பில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்றால் 'ஷீ லிவ்ட்' என்று எளிய இறந்தகாலமே போதும். கதவைச் சாத்த இரண்டு விநாடி ஆகும்; ஆனாலும் 'ஐ வாஸ் க்ளோஸிங் த டோர் வென் த ஃபோன் ராங்' என்பதுதான் சரி. நேரத்தின் நீளத்துக்கு இங்கே வேலையே இல்லை. கடந்த காலத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிக்கு முன்பே தொடங்கி, அதில் முடியாமல் இருந்த செயலா? அப்படியானால் வாஸ், இங். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பஸ் நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் லெஃப்ட்' என்றால் நான் வந்தேன், பிறகு பஸ் கிளம்பியது. 'த பஸ் வாஸ் லீவிங்' என்றால் பஸ் நகரத் தொடங்கிவிட்டது, ஓடினால் பிடிக்கலாம். 'த பஸ் ஹேட் லெஃப்ட்' என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த மூன்றையும் ரோஸ்ஹில்லில் பஸ்ஸுக்கு ஓடிய எந்தப் பிள்ளையும் ஒருமுறை சொன்னால் மறப்பதில்லை.

குழப்பம் வருவது பிரெஞ்சிலிருந்து. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் பிரெஞ்சில் இருப்பதால், சற்று நன்றாகப் படிக்கும் பிள்ளை ஆங்கிலம் எழுதும்போது அதைத்தான் துணைக்கு அழைக்கும். பிரெஞ்சின் 'ஏன்பர்ஃபே' என்ற ஒரே வினைவடிவம் மூன்று வேலைகளைச் செய்கிறது: வழக்கமாகச் செய்துவந்தது, அப்போது நடந்துகொண்டிருந்தது, அப்போது இருந்த நிலை. பிள்ளை மூன்றுக்கும் வாஸ், இங் போட்டுவிடும். 'எவ்ரி சண்டே வீ வேர் கோயிங் டு ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்', 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' என்றெல்லாம் கட்டுரையில் வருவது இப்படித்தான். முதலாவது வழக்கம், 'வீ வென்ட்' அல்லது 'வீ யூஸ்ட் டு கோ' என்று எழுத வேண்டும். இரண்டாவது நிலை, 'ஐ நியூ ஹிம்' போதும்.

இந்த இடத்தில் கிரியோலைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறுதோறும் கடலுக்குப் போனதைச் சொல்ல 'நூ தி அல்' என்போம், 'பே' வராது. எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு 'மோ தி கொனே', என்னிடம் இருந்தது என்பதற்கு 'மோ தி எனா'. இவற்றிலும் 'பே' இல்லை. நோ, ஹேவ், வான்ட், லைக், பிலீவ் போன்ற வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது விரைவான சோதனை. போ-பாசானிலிருந்து என்னிடம் வரும் மாணவி ஒருத்தி, "அக்கா, மழை பெய்துகொண்டிருந்ததுக்கு 'இட் ரெய்ன்ட்' என்று எழுதினால் தப்பா?" என்று கேட்டாள். கிரியோலில் சொல்லச் சொன்னேன். "லப்ளி தி பே தோம்பே" என்றாள். "பே வந்துவிட்டதே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்றேன். 'இட் வாஸ் ரெய்னிங்' என்று எழுதிக்கொண்டாள்.

எல்லா இடத்திலும் கிரியோல் காப்பாற்றாது. 'மோ தி', 'நூ தி', 'சோத் தி' என்று எல்லோருக்கும் ஒரே 'தி' என்பதால், பிள்ளைகள் 'தே வாஸ்', 'வீ வாஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு வாஸ். வீ, தே, யூ ஆகியவற்றுக்கு வேர். எதிரில் இருப்பவர் ஒருவரே ஆனாலும் 'யூ வேர்'தான். கேள்வியில் கிரியோல் 'எஸ்கி' என்ற கேள்விச்சொல்லை முன்னால் வைத்துவிட்டு மற்றதை அப்படியே விடும். ஆங்கிலத்தில் வேர் முன்னால் வர வேண்டும்: 'வேர் யூ ஸ்லீப்பிங்?' அங்கே 'டிட்' நுழையவே கூடாது.

தமிழும் கிரியோலும் சேர்ந்தே கைவிடும் இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருந்தார், நின்றிருந்தார், சேலை அணிந்திருந்தார் என்கிறோம், 'கொண்டு' வருவதில்லை. கிரியோலிலும் 'லி தி அசீஸ்' என்பதே வழக்கம். ஆங்கிலமோ 'ஷீ வாஸ் சிட்டிங்', 'ஷீ வாஸ் வேரிங் எ சாரி' என்று கேட்கிறது. தமிழை அப்படியே பெயர்த்து 'ஹேட் சாட்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உடல் இருக்கும் நிலை, உடுத்திய உடை, இவற்றை மட்டும் தனியாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையில் இதற்கு மிகுந்த பயன் கதைக் கட்டுரையிலும், நேரில் கண்டதைச் சொல்லும் அறிக்கையிலும்தான். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கியதை எழுதச் சொன்னால், பிள்ளைகள் 'வெள்ளம் வந்தது, கார் மிதந்தது, ஜனங்கள் ஓடினார்கள்' என்று வரிசையாக அடுக்குவார்கள். எல்லாம் எளிய இறந்தகாலம். நிகழ்ச்சி நிரலைப் படிப்பதுபோல் இருக்கும். நான் வேறு விதமாக எழுதச் சொல்வேன். முதலில் காட்சியை விரியுங்கள்: தண்ணீர் கடைக்குள் புகுந்துகொண்டிருந்தது, கார்கள் மிதந்துகொண்டிருந்தன, ஒருவர் கூரையைப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தார். இந்த மூன்றுக்கும் வாஸ், வேர், இங். பிறகு 'சடன்லி' என்று ஒரு சுவரை விழவையுங்கள். அது எளிய இறந்தகாலம். அதற்குப் பின் மீண்டும் இங் பக்கம் போகாதீர்கள். பத்தி முழுக்க வாஸ், வேர் என்று நிரப்பினால் எதுவும் நடக்காது, எல்லாமே நடந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் பயிற்சி செய்ய, நேற்று இரவு எட்டு மணி என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, அப்போது வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்திருந்தால் 'வைல்' போட்டு இரண்டையும் தொடர்வினையில் இணையுங்கள். அடுத்து மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், தாளில்தான். இப்போது 'வென்' வரும்.

எழுத்துக்கூட்டலில் கவனிக்க வேண்டியவை சிலவே. ரைட் என்பதன் இறுதியில் ஒலிக்காத 'ஈ' எழுத்து, இங் சேரும்போது போய்விடும். ரன், சிட், ஸ்டாப் போன்றவற்றில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். லை என்பதில் 'ஐ', 'ஈ' இரண்டும் போய் 'ஒய்' வரும். நாம் எழுதுவது பிரிட்டிஷ் முறை என்பதால் டிராவலிங் என்பதில் 'எல்' இரண்டு.