சித்தம்பூண்டிக் கல்லும் விக்ரம் லேண்டரின் காலும்

கோவை கணபதியில் போர்வெல் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்ட் பெட் என் பொறுப்பு. பம்ப்பை மாட்டி ஓட்டி, எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது உயரத்துக்கு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று எழுதி, சரியாக இருந்தால்தான் வெளியே விடுவோம். பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருக்கும் என் மச்சான், பையன்களை பெங்களூர் இஸ்ரோவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ராக்கெட் மேலே போவதை டிவியில் எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு முன்னால் சாமானை எப்படி டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மாரத்தஹள்ளி பக்கம் இருக்கிறது செயற்கைக்கோளைக் கோத்துச் சோதிக்கும் வளாகம். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு பெண் இன்ஜினியர். முதலில் 'மேடம், மேடம்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்ண்ணா, கோயமுத்தூருங்களா? எனக்குக் கோபிங்க" என்றார். அப்புறம் எனக்கு அவர் 'அம்மணி' ஆகிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூசி இல்லாத கூடம். வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர் தரைக்கு எர்த் ஆகிறது. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ஒரு சின்ன எலக்ட்ரானிக் சில்லைக் கொன்றுவிடுமாம். செயற்கைக்கோள் மேல் பளபளவென்று தெரிந்தது தங்கமா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை, கேப்டான் என்கிற பிளாஸ்டிக் தாள். பின்பக்கம் அலுமினியம் பூசியிருப்பதால் அப்படித் தெரிகிறது.

நான் அதிக நேரம் நின்றது அதிர்வு மேடைக்கு முன்னால்தான். ராக்கெட் கிளம்பும்போது வருகிற ஆட்டத்தை இங்கேயே கொடுத்துப் பார்க்கிற மேடை அது. செயற்கைக்கோளின் உடம்பெல்லாம் விரல் நுனி அளவு அதிர்வுமானிகளை ஒட்டுவார்கள். முதலில் மெதுவாக ஒரு தடவை ஆட்டி, எந்த அதிர்வெண்ணில் எந்தப் பாகம் அதிகம் துடிக்கிறது என்று ஒரு வரைபடம் எடுப்பார்கள். பிறகு ராக்கெட்டில் வரக்கூடியதைவிடக் கொஞ்சம் கூட்டியே ஆட்டுவார்கள். கடைசியில் மறுபடி அதே மெதுவான ஆட்டம், இன்னொரு வரைபடம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முகடு இடம் நகர்ந்திருந்தால் உள்ளே எங்கேயோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லை எதிலோ கீறல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்படி மூன்று திசையிலும் செய்கிறார்கள். பம்ப் மேல் கை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிற ஆட்கள் எங்களிடம் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் வரைந்து ஒப்பிடுகிற இந்த முறை என்னை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது.

அடுத்தது வெப்ப வெற்றிடக் கலம். சப்மெர்சிபிள் மோட்டாரின் சூட்டைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கிப்போன போர்வெல்லில் ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும். விண்வெளியில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. சூடு கதிராக வெளியேறினால்தான் உண்டு. அதனால் கலத்தில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, உட்சுவரில் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஓடவிட்டு, செயற்கைக்கோளை உள்ளே வைத்து இயக்குகிறார்கள். நாள்கணக்கில், ராத்திரி பகலாக ஷிப்ட் போட்டு நடக்கும் சோதனை.

அப்புறம்தான் எங்கள் மண்ணின் கதை வந்தது. நிலவில் இறங்கும் லேண்டரைச் சோதிக்க நிலவின் மண் மாதிரியே மண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை கட்டாது, தேவையோ டன் கணக்கில். நிலவின் மேட்டுநிலங்களில் இருப்பது அனார்த்தோசைட் என்கிற வெளிறிய பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் துணையோடு அதை எடுத்து, கோலமாவைவிட நைசாகப் பொடித்துக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். இப்படி மண் தயாரிக்கிற முறைக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. என் அம்மா பிறந்த ஊர் பரமத்தி வேலூர் பக்கம். ஏர் ஓட்டும்போது கொழு முனையை மழுக்குகிறது என்று என் தாத்தா வரப்போரம் தூக்கிப் போட்ட கல் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மணி பேச்சை நிறுத்தி, "என்னங்ண்ணா?" என்றார்.

அந்த மண்ணைப் பரப்பிய கூடத்துக்குள் எங்களை விடவில்லை, படம் போட்டுத்தான் விளக்கினார். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால், நிலவில் உருண்டு போகும் வண்டியான ரோவரின் எடையைக் குறைக்க ஹீலியம் பலூன் கட்டி அந்த மண்ணில் உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். பொள்ளாச்சி கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை இந்த வளாகத்தை நடத்தும் இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்துக்கே இயக்குநராக இருந்தவர் என்றதும் பையன்கள் கை தட்டினார்கள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் லேண்டரான விக்ரம் நிலவில் மோதியது. அடுத்ததான சந்திரயான்-3ஐ வடிவமைக்கும்போது, எது சரியாக நடக்கும் என்று பார்க்காமல் எதெது கெட்டுப்போகும் என்று கேட்டுக் கேட்டே செய்திருக்கிறார்கள். இறங்கும்போது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கும் என்றிருந்த லேண்டர் காலை 3 மீட்டர் தாங்கும்படி பலப்படுத்தினார்கள். அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்றிருந்த இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். புதிய காலையும் நிலவு மண் பரப்பிய மேடையில் இறக்கி இறக்கிச் சோதித்தார்கள். என்னைப் போன்ற டெஸ்டிங் ஆட்களை உற்பத்தி அவசரத்தில் யாரும் மதிப்பதில்லை. சாமானைக் கெடுத்துப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்திருக்கும் ஒரு இடத்தைக் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய பலம்.

மத்தியானம் டிராபிக்கில் ஊர்ந்து பீன்யாவுக்குப் போனோம். 1975இல் ஏவப்பட்ட ஆரியபட்டாவை அங்கே இருந்த தொழிற்பேட்டை ஷெட்டுகளில்தான் செய்தார்களாம். பட்டறைத் தெருவில் வளர்ந்த எங்களுக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம்! இன்று அங்கே செயற்கைக்கோள்களை இயக்கும் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. நிலவுக்குச் சிக்னல் போக 1.3 வினாடி ஆகும், பதில் வர இன்னொரு 1.3. அதனால் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு சந்திரயான்-3இன் விக்ரம் இறங்கியபோது, கடைசிக் கட்டத்தை லேண்டரே முடிவெடுத்து நடத்தியது. இங்கிருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "அன்னிக்கு எங்க கையில ஒண்ணும் இல்லீங்ண்ணா, அதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுனதுதான்" என்றார் அம்மணி.

ஊருக்கு வந்த மறுநாளே முதலாளியிடம் பேசினேன். நீண்ட நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாடலிலும் வைப்ரேஷன் ரீடிங் எடுத்து ஒப்பிடலாம் என்றேன். மீட்டர் விலை என்ன என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். காந்திபுரத்தில் ரெண்டு கடையில் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன்.