இலவச அலவன்ஸில் ஓடிய சிமென்ட் சூளை

ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியாப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "மாசுக் கட்டுப்பாடு" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி போவது ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்துக்கான கணக்குகளில்தான். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பொதுவாக எழுதுகிறவர்களைப் படித்தால், புகைக்கு விலை வைத்தார்கள், ஆலைகள் பயந்துபோய்ப் புகையைக் குறைத்துக்கொண்டன என்பதுபோல இருக்கும். உள்ளே உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. சிமென்ட் சூளைகளை ரொம்ப காலம் ஓட்டியது இலவச அலவன்ஸை எந்த விதிப்படி கொடுத்தார்கள் என்பதுதான், சந்தை விலையெல்லாம் அப்புறம்.

ஒரு அலவன்ஸ் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விடுவதற்கான உரிமை. 2005இல் தொடங்கிய திட்டம். போன வருஷம் எத்தனை டன் விட்டோம் என்று கணக்கெடுத்து, வெளியார் ஒருவர் வந்து சரிபார்த்த அறிக்கையை மார்ச் 31க்குள் கொடுத்து, அத்தனை அலவன்ஸை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் கடைசி நாள் முன்பு ஏப்ரல் 30, 2024 முதல் செப்டம்பர் 30. குறைந்தால் டன்னுக்கு 100 யூரோவும் விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்த தொகையும் அபராதம். அதைக் கட்டினாலும் அலவன்ஸ் கடன் தீராது, அதையும் வாங்கிக் கொடுத்தாக வேண்டும்.

சிமென்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையிலிருந்து வரும் கட்டி, இதை அரைத்தால்தான் சிமென்ட்) அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் இப்படியே போய்விடுகிறது, எரிபொருள் கணக்கு அதற்கு மேல். நிலக்கரியை விட்டுவிட்டுப் பழைய டயர், பிளாஸ்டிக் துணுக்கு (இங்கே ஆலைக்காரர்கள் 'ஃப்ளஃப்' என்பார்கள்), காய்ந்த சாக்கடைக் கசடு என்று எதைப் போட்டாலும் கல் விடுவதை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஒப்படைக்க வேண்டியதில் ஒரு பங்கை அரசே இலவசமாகத் தருகிறதே, அது எப்படி வருகிறது? 2013 முதல் அளவுகோல் முறை. ஒரு பொருளை மிகக் குறைந்த உமிழ்வில் செய்கிற பத்து சதவீத ஆலைகளின் சராசரியை எடுத்து, அதை உங்கள் பழைய உற்பத்தியால் பெருக்குவார்கள். சாம்பல்நிறக் கிளிங்கருக்கு முதலில் டன்னுக்கு 0.766 அலவன்ஸ், 2021இலிருந்து 2025 வரை 0.693. பத்து லட்சம் டன் கிளிங்கர் சுடுகிற, டன்னுக்கு 0.8 விடுகிற ஒரு ஆலையை வைத்துக்கொள்ளுங்கள். விடுவது எட்டு லட்சம், கையில் வருவது 6,93,000, துண்டு விழுவது 1,07,000. அலவன்ஸ் 80 யூரோ விற்கும்போது அது 85 லட்சம் யூரோவுக்கு மேல். இதில் யாரும் எடுத்தவுடன் பார்ப்பது விலையைத்தான். நான் பார்க்கச் சொல்வது 'பழைய உற்பத்தி' என்ற சொல்லை.

2013இலிருந்து 2020 வரையிலான மூன்றாம் கட்டத்தில் அந்தப் பழைய உற்பத்திக்கு 2005–08 அல்லது 2009–10, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்தார்கள். 2008 நெருக்கடிக்கு முன்பு ஐரோப்பாவில், முக்கியமாக ஸ்பெயினில், கட்டடங்கள் எப்படி எழும்பின என்பது தெரிந்த கதை. அந்தக் கொண்டாட்டக் காலத்து உற்பத்திக்கு, பாதி ஆலை தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் அலவன்ஸ் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: உற்பத்தி பழையதில் பாதிக்குக் கீழே போனால் ஒதுக்கீடும் பாதியாகும், கால்வாசிக்குக் கீழே போனால் கால், பத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் எதுவுமில்லை.

இப்படி ஒரு விதி இருந்தால் நிறுவனம் என்ன செய்யும்? நல்ல சூளை ஒன்றை முழுமூச்சாக ஓட்டி, மோசமானதை மூடுவதுதான் பொறியாளர் கணக்கு. நடந்தது வேறு. பல ஆலைகள் உள்ள நிறுவனங்களில் உற்பத்தியைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு சூளையும் பாதியைக் கொஞ்சம் தாண்டும்படி ஓட்டினார்கள். உள்ளூரில் விற்காத கிளிங்கர் கப்பலேறியது. பின்னால் ஆய்வாளர்கள் உற்பத்தித் தரவை அடுக்கிப் பார்த்தபோது ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேலே ஆலைகள் கூட்டமாக நின்றிருந்தன. கூப்பனில் வரும் அரிசியை வேண்டாமென்று யாரும் அட்டையை ரத்து செய்துகொள்வதில்லை, அதே மனநிலைதான். அப்போது இந்தத் துறையில் இருந்த மூத்த சக ஊழியர் ஒருவர் இதைச் சொல்லும்போது துளியும் கூச்சப்படமாட்டார். விதி கேட்டதைத்தான் செய்தோம் என்பார். எனக்கும் அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, விதியை எழுதியவர்களைத்தான் சொல்ல வேண்டும். இப்போது நான்காம் கட்டத்தில் இரண்டு வருஷ சராசரி 15 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஒதுக்கீடும் மாறும், அதனால் அந்த விளையாட்டு பெரும்பாலும் நின்றுவிட்டது.

இடையில் நம் ஊருக்கும் இதில் ஒரு கை உண்டு. 2008–12 வரையிலான இரண்டாம் கட்டத்தில் ஆலைகள் தங்கள் கடனில் ஒரு பங்கை வளரும் நாடுகளின் சி.டி.எம் திட்டங்களில் (அங்கே உமிழ்வைக் குறைத்தால் ஐ.நா. ஏற்பாட்டில் கிரெடிட் கிடைக்கும்) பிறந்த கிரெடிட்டைக் கொடுத்துத் தீர்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அது அலவன்ஸைவிட மலிவு. எனவே இலவசமாக வந்த அலவன்ஸை விற்று, மலிவு கிரெடிட்டை வாங்கி ஒப்படைத்து, நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்த சட்டப்படியான வேலை. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சேர்ந்து பதிவு செய்த காற்றாலைகளும் அந்த சி.டி.எம் பட்டியலில் இருந்தன. கன்னியாகுமரிக் காற்று யாரோ ஒரு ஐரோப்பியச் சூளையின் கணக்கை நேர்செய்திருக்கலாம்! 2012இல் அந்த கிரெடிட்டின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது, அதோடு கதை முடிந்தது.

வாங்குவது விற்பது பற்றிக் கேட்பார்கள், ஏதோ திரை முன்னால் உட்கார்ந்து கத்துகிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டு. ஆலையில் அப்படி எதுவும் கிடையாது. பெரிய குழுமங்களில் தலைமை அலுவலகம் டிசம்பரில் கைக்கு வரும் ஒப்பந்தங்களாக முன்கூட்டியே வாங்கி வைக்கும், லைப்சிக் எரிசக்திச் சந்தையில் ஏலமும் நடக்கும், சின்ன ஆலைக்காரர்கள் ஒரு வங்கியையோ தரகரையோ பிடிப்பார்கள். நான் பார்ப்பது ஆலையின் அலவன்ஸ் இருக்கும் பதிவேட்டுக் கணக்கை மட்டும். அதில் ஒருவர் தொடங்கிய பரிமாற்றத்துக்கு இன்னொருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதுவும் உடனே போகாது. 2011 ஜனவரியில் பதிவேடுகளை உடைத்து அலவன்ஸ் திருடிவிட்டார்கள், ஐரோப்பிய ஆணையம் உடனடிப் பரிமாற்றத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த கெடுபிடி இது.

தேதிகளுக்குள் இருந்த இன்னொரு சமாசாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது புது வருஷத்து இலவசம் பிப்ரவரி 28க்குள் வந்துவிடும், போன வருஷத்துக் கடனை ஏப்ரல் 30இல் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே புது வருஷத்ததை எடுத்துப் பழைய கடனைக் கட்டிவிட முடிந்தது, வட்டியில்லாக் கடன் மாதிரி. வருஷா வருஷம் இப்படி உருட்டியவர்கள் நிறைய. ஆனால் 2021இன் அலவன்ஸை 2020இன் உமிழ்வுக்குப் பயன்படுத்த முடியாது என்று விதியில் இருந்தது. உருட்டியவர்கள் ஒரு முழு வருஷத்துப் பாக்கியை அந்த ஏப்ரலில் சந்தையில் வாங்க வேண்டி வந்தது. ஜனவரியில் 33 யூரோ பக்கம் இருந்தது ஏப்ரல் கடைசியில் 48ஐத் தொட்டது. தொலைக்காட்சியில் பருவநிலை லட்சியத்தால் விலை ஏறியது என்றார்கள். அதுவும் இருக்கலாம், பழைய பாக்கியும் இருந்தது.

2023 பிப்ரவரியில் விலை 100ஐத் தாண்டியபோது மேலாளர்கள் என் மேசைக்கு வந்தது உண்மை. ஆனால் அவர்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அதே வருஷம் சட்டமான இன்னொரு அட்டவணை. இறக்குமதிக்கு எல்லையில் கார்பன் வரி வருவதால், சிமென்ட்டுக்கான இலவசம் 2026இல் 2.5 சதவீதம் குறையும், 2028இல் 10, 2030இல் 48.5, 2034இல் முழுதும் போகும். முதலீட்டுக் கூட்டங்களில் இப்போது முதல் பக்கமே அதுதான். நார்வேயின் பிரெவிக் ஆலையில் வருஷத்துக்கு நான்கு லட்சம் டன் பிடித்துக் கடலடியில் புதைக்கும் ஏற்பாடு 2025இல் தொடங்கியதை, கல்லிலிருந்து வருவதற்கு வேறு வழியே இல்லாத எங்கள் ஆட்கள் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதும் அதனால்தான்.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் இருக்கும் நண்பர் ஒருவர், இந்தியாவிலும் இப்போது கார்பன் கிரெடிட் திட்டம் வந்துவிட்டதே, விலை என்ன போகும் என்று கேட்டார். அங்கே மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்பதற்குத்தான் இலக்கு, அடிப்படை ஆண்டு 2023–24. விலையை அப்புறம் பார்க்கலாம், அந்த வருஷத்துக் கிளிங்கர் கணக்கையும் எடைமேடைச் சீட்டுகளையும் முதலில் ஒழுங்காக எடுத்து வையுங்கள் என்றேன்.