சாய்தளத்தின் கடைசி 20 மில்லிமீட்டர்

நடைபாதைச் சாய்தளம் பெரும்பாலும் அடியில்தான் கெடுகிறது. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருக்கும்: விளிம்புக்கல் 150 மி.மீ. உயரம், வாட்டம் 12-க்கு 1, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம், ஆகவே நீளம் 1.8 மீட்டர். ஆனால் தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் 20 மி.மீ. படி ஒன்று நின்றுவிடும். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் முட்டி நிற்க, உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் சரிவார். குழந்தை வண்டி, சக்கரப் பெட்டி, சரக்குத் தள்ளுவண்டி எல்லாம் இடறுவதும் அங்கேதான். கான்கிரீட் இறுகுவதற்கு முன் ரசமட்டத்தோடு கொத்தனார் பக்கத்தில் நின்று, அந்த இணைப்பைப் படியில்லாமல் முடிக்க வைக்க வேண்டும். பிறகு உடைத்துத் திருத்த யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

சரியாகக் கட்டியதையும் சாலைப் பணி கெடுத்துவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் 40 மி.மீ. புதுப்படலம் போட்டால் சாய்தளத்தின் அடி பள்ளமாகும். அடுத்த முறையும் அப்படியே போட்டால் அது குட்டைதான். சுரண்டிவிட்டுப் போடும் நிபந்தனை சாலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மழைநீர் வாங்கும் தொட்டியை நீர் ஓடிவரும் பக்கம், சாய்தளத்துக்கு முன்பாகவே வைக்க வேண்டும். அதன் கம்பி மூடியில் இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போனால் ஊன்றுகோல் முனை இறங்கிவிடும்.

பார்வையற்றோருக்கான தொட்டுணர் ஓடுகளை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதிக்கப்பட்டன. நீள்கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், கவனி. இது தெரியாமல் அலங்காரமாகப் பதிப்பவர்கள் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள். சில இடங்களில் கோடு நேராக மின்கம்பத்தில் போய் முடிகிறது. அது வெறும் குறை அல்ல, ஆபத்து.

சிக்னல் நேரமும் இதே கணக்குதான். 12 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 10 நொடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 நொடி வேண்டும். அந்த 5 நொடி கர்ப்பிணிக்கும், கை நிறையப் பை சுமப்பவருக்கும், குழந்தையின் கைபிடித்து நடப்பவருக்கும் சேர்த்துத்தான். இவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் செலவாக எழுதுவதை ஏற்க முடியாது. சாலைச் செலவிலேயே சேர வேண்டியவை இவை.

தீராத சிக்கல் ஒன்று உண்டு: வண்டிகள் நடைபாதையில் ஏறாமலிருக்க நடும் தடுப்புத் தூண்கள். சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. இடைவெளி விட்டால் இருசக்கர வாகனமும் நுழையும். அதைத் தடுக்க 600 ஆகக் குறைத்தால் நாற்காலி வெளியே நிற்கும். 900-ஐ விட்டுக்கொடுக்கக் கூடாது. வாகனத்தை அபராதத்தால் தடுக்கட்டும்.